மிஷ்கின் இவ்வளவு நல்லவராக இருந்திருக்க வேண்டுமா? உங்களை விடாத காட்சியைச் சொல்லுங்கள்

வேப்பமரத்து வீடு:
தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலைப் படித்தவர்களுக்காக எழுதுகிறேன், கதைச் சுருக்கம் கிடையாது. நான்காம் பாகத்தில் நாயகன் மிஷ்கின், அவரை விரும்பும் நஸ்டாஸியா, அக்லேயா, நஸ்டாஸியாவின் மேல் வெறிகொண்ட ரோகோஸின் என்று நான்கு பேரும் ஒரே அறையில் நிற்கும் அந்த மாலை என்னை விடமாட்டேன் என்கிறது. நானா அவளா என்று நஸ்டாஸியா கேட்டாகிவிட்டது. மிஷ்கின் அக்லேயாவிடம் திரும்பி, இவள் எவ்வளவு துன்பப்பட்டவள் தெரியாதா என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறார். அந்த ஒரு கணத் தயக்கத்தை அக்லேயாவால் தாங்க முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிடுகிறாள். பின்னாலேயே போகப் பார்த்தவரை நஸ்டாஸியா பிடித்துக்கொண்டு மயங்கி விழுகிறாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், குழந்தையைத் தடவிக் கொடுப்பதுபோல் அவள் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இருபது வயதுப் பெண் ஒருத்தி தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறாள்! எல்லோரிடமும் இரக்கம் காட்டுபவரை நம்பி ஒருத்தி எப்படி வாழ்வது?

கலா_வாசிப்பு:
எனக்கு இது புத்தகத்தோடு நிற்கவில்லை. அப்பா உறவுக்காரர் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவர் கடனைக் கட்டவில்லை, அம்மாவின் நகை போனது. அதற்கப்புறமும் அந்த ஆள் வாசலில் வந்து நின்றால் அப்பா கேட்பது "சாப்பிட்டியா?" என்றுதான்.

பூர்தோவ்ஸ்கி கும்பல் வரும் அத்தியாயம் ஞாபகம் இருக்கிறதா? மிஷ்கினை ஆதரித்து வளர்த்த பாவ்லிஷ்சேவின் மகன் பூர்தோவ்ஸ்கி என்று சொல்லிக்கொண்டு பங்கு கேட்கிறார்கள், பத்திரிகையில் அவதூறு வேறு. பொய் என்று நிரூபணமான பிறகும் மிஷ்கின் பத்தாயிரம் ரூபிள் தருகிறேன் என்கிறார். எல்லோர் முன்னாலும் பணத்தைப் பற்றிப் பேசியது தப்பு என்று அவரே வருந்தவும் செய்கிறார். அக்லேயாவின் அம்மா லிஸாவெதா பொங்கிவிடுகிறாள். நாளைக்கும் இவர்களிடம் போய்ப் பணத்தை நீட்டுவாயா, மாட்டாயா என்று கேட்கிறாள். போவேன் என்று தணிந்த குரலில் சொல்கிறார் பாருங்கள், அங்கே புத்தகத்தை மூடிவிட்டேன். அவள் போட்ட சத்தம் அப்படியே என் அம்மா போட்ட சத்தம்.

மாடிப்படி:
கலா மேடம், உங்கள் அப்பாவையும் மிஷ்கினையும் சேர்க்காதீர்கள். மிஷ்கின் கொடுத்தது அவருக்கு வந்த சொத்து. அவர் கையெழுத்தால் எந்த அம்மாவின் நகையும் போகவில்லை. நஸ்டாஸியாவைக் கொன்றவன் ரோகோஸின். கத்தியைப் பிடித்தவனை விட்டுவிட்டு நல்லவனை விசாரிப்பது எந்த ஊர் நியாயம்?

என் தம்பிக்கு வலிப்பு உண்டு. அதனால் விடுதிப் படிக்கட்டுக் காட்சியை என்னால் மறக்க முடியாது. சகோதரர்களைப்போல் மிஷ்கினோடு கழுத்துச் சிலுவையை மாற்றிக்கொண்ட அதே ரோகோஸின் இருட்டில் கத்தியை ஓங்குகிறான். இவரோ அவன் இதைச் செய்வான் என்று நம்பவே மாட்டேன் என்று கத்துகிறார். அந்த நொடியில் வலிப்பு வருகிறது, அதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது. வலிப்பு தொடங்கும்போது எழும் அந்த அலறலை எழுதியவருக்கும் அதே நோய் இருந்தது. கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கத்தியை எதிரில் பார்த்துக்கொண்டே ஒருவனை நம்பியவரைப் போய் 'ரொம்ப நல்லவர்' என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய புத்தகக் கடை:
எனக்குப் பிடித்தது அக்லேயா வீட்டு விருந்தில் மிஷ்கின் கையால் சீன ஜாடி உடையும் இடம். உடைக்காதே என்று அக்லேயா முந்தின நாளே எச்சரிக்கிறாள், தள்ளிப்போய் உட்கார்கிறார், அப்படியும் கை பட்டு உடைகிறது.

கலாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜாமீன் போட்டவருக்கும் கடன் வாங்கியவர் அளவுக்கே பொறுப்பு உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவரைக் கேட்டுவிட்டுத்தான் ஜாமீன் போட்டவரிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. உறவினருக்காகக் கட்டிய தொகையை அவரிடமிருந்து திரும்பக் கேட்கும் உரிமை அப்பாவுக்கு உண்டு. கட்டிய ரசீதுகளைப் பத்திரமாக வைத்து, காலக்கெடு முடிவதற்குள் வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

அப்புறம், மூடிய புத்தகத்தைத் திரும்ப எடுங்கள். முதல் பாகம் முழுக்க ஒரே நாளில் நடப்பது. அதை ஒரே மூச்சில் படித்துவிட்டால் மற்றது ஓடிவிடும். பெயர்களையும் தந்தை வழிப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காசநோயால் சாகக்கிடக்கும் இளைஞன் இப்போலிட்டின் நீண்ட வாக்குமூலத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள், நீங்கள் நிற்காதீர்கள். முழுக்க அழகான ஒரு மனிதனைக் காட்டுவதுதான் நோக்கம் என்று 1868இல் தன் தங்கை மகளுக்கு எழுதிய கடிதத்தில் தஸ்தயேவ்ஸ்கியே சொல்கிறார். செர்வான்டிஸின் நாவல் நாயகன் டான் குவிக்ஸாட்டையும் அதில் குறிப்பிடுகிறார். அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

குறிஞ்சி:
யாரும் மாரியைப் பற்றிப் பேசவில்லையே? மிஷ்கின் முன்பு சிகிச்சைக்காகத் தங்கியிருந்த சுவிஸ் கிராமத்தில் எல்லோரும் காறித் துப்பிய அந்தக் காசநோய்ப் பெண். மிஷ்கின் தன் வைர ஊசியை விற்று எட்டு பிராங்க் கொடுக்கிறார், முத்தமிடுகிறார். இது காதல் இல்லை, உன்மேல் உள்ள பரிவு என்று அவளிடமே சொல்லிவிடுகிறார். அவள்மேல் சேற்றை எறிந்த குழந்தைகள்கூட மெல்ல மெல்ல அவள் பக்கம் வந்துவிடுகிறார்கள். அவள் சந்தோஷமாகத்தான் சாகிறாள்.

எனக்கு இதுதான் உறுத்துகிறது. நஸ்டாஸியா மேல் தனக்கிருப்பது பரிவு என்று ரோகோஸினிடம் சொல்கிறார், அக்லேயாவிடமும் பேசுகிறார். நஸ்டாஸியாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்ன காட்சி நாவலில் எங்கே இருக்கிறது? மாடிப்படி சார், கத்தி ரோகோஸினுடையதுதான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் மாரிக்குக் கிடைத்த அந்த நேர்மை இவளுக்குக் கிடைக்கவில்லை. இதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லுங்கள்.