அடுப்படித் தெய்வம் அடுக்ககத்தில் எப்படி? ஷாங்காய் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைய ஷாங்காயில் நடக்கும் மாயக்கதை ஒன்று எழுதுகிறேன். நாயகர், சீனர்களின் அடுப்படித் தெய்வம். அவர்கள் நாட்காட்டியில் 12ஆம் மாதம் 23 அல்லது 24ஆம் நாள் வானுலகம் போய், வீட்டில் ஆண்டு முழுக்க நடந்ததை வானுலகை ஆளும் ஜேட் பேரரசரிடம் ஒப்பிப்பார். நல்லதையே சொல்லட்டும் என்று, அடுப்படியில் ஒட்டியிருக்கும் அவர் படத்தின் வாயில் பிசுபிசுவென்று இனிப்புப் பாகைத் தடவி, பிறகு படத்தை எரிப்பார்கள். புகையோடு கிளம்பிவிடுவார். எவ்வளவு அழகான வழியனுப்பு!

என் கதையிலோ 27ஆவது மாடி, இண்டக்‌ஷன் அடுப்பு, கூரையில் புகை அலாரம். அங்கேதான் நிற்கிறேன். சீனாவில் குடியிருந்தவர்களே, அடுக்கக வீடுகளில் படத்தை எங்கே ஒட்டுகிறார்கள்? எரிப்பது கீழே வாசலிலா, மொட்டைமாடியிலா? இல்லை, எரிப்பதையே விட்டுவிட்டார்களா? பக்கத்து வீட்டில் பார்த்த சின்ன விஷயமானாலும் சொல்லுங்கள். இன்றும் கும்பிடுகிற சாமி. வாய்க்கு வந்தபடி எழுத மனசு வரவில்லை.