கார்ட்டரெட் பையன்கள்: ஸ்மிதரீன்ஸ் உங்கள் காதில் முதலில் விழுந்தது எங்கே?

டர்ன்பைக்12:

நியூ ஜெர்சி எடிசனில் ஒன்பது வருடம் குடியிருந்தேன். வேலைக்குப் போக வர தினமும் டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையில் 12-ஆம் எக்ஸிட்டைத் தாண்ட வேண்டும். 'கார்ட்டரெட்' என்று பச்சைப் பலகை நிற்கும். என்னைப் பொறுத்தவரை அது எண்ணெய்த் தொட்டிகளும் லாரிகளும் நிற்கிற ஊர், அவ்வளவுதான்.

ஒரு பிப்ரவரி சாயங்காலம் பனியில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. ரேடியோவில் பேஸ் கிட்டார் மட்டும் தனியாக ஆரம்பித்தது. இருட்டில் யாரோ படியிறங்கி வருகிற மாதிரி. அப்புறம் டிரம்ஸ், அப்புறம் ஓர் ஆண்குரல். சோகமான பாட்டுதான், ஆனால் பாடுகிறவர் அழவில்லை. அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்து பாடுகிறார். முடிந்ததும் பெயர் சொன்னார்கள்: 'ப்ளட் அண்ட் ரோசஸ்', ஸ்மிதரீன்ஸ் என்ற ராக் பேண்ட், 1986.

மறுநாள் ஆபீஸில், ஓய்வுபெறும் வயதிலிருந்த ஓர் அமெரிக்கரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "நீ தினமும் தாண்டிப் போகிறாயே, அந்த ஊர்ப் பையன்கள்தான்!" கிட்டார் ஜிம் பாப்ஜாக், பேஸ் மைக் மெசாரோஸ், டிரம்ஸ் டென்னிஸ் டைக்கன், மூவரும் கார்ட்டரெட்டில் ஒன்றாகப் படித்தவர்கள். பாடி, பாட்டும் எழுதிய பேட் டினிசியோ கொஞ்ச தூரத்திலிருக்கும் ஸ்காட்ச் ப்ளெய்ன்ஸ்காரர். 1980-இல் சேர்ந்திருக்கிறார்கள். முதல் முழு ஆல்பம் வர ஆறு வருடம் ஆகியிருக்கிறது. அதுவரை சின்னச் சின்ன கிளப்களில் வாசித்துக் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

உங்களுக்கு எப்படி அறிமுகம்? சொல்லுங்கள்.

நாலுகம்பி:

அந்தப் படியிறங்கும் சத்தம் மெசாரோஸ் வாசித்தது. கேட்க ரொம்பச் சுலபமாக இருக்கும். அபார்ட்மென்டில் உட்கார்ந்து இரண்டு வாரம் முயன்றேன். சுரம் எல்லாம் சரியாக வந்தது, அந்த நிதானம் மட்டும் வரவேயில்லை. கடைசியில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "வேறு பாட்டு தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

'ப்ளட் அண்ட் ரோசஸ்' இருக்கிற அதே முதல் ஆல்பத்தில் 'பிஹைண்ட் தி வால் ஆஃப் ஸ்லீப்' என்று ஒன்று. பேஸ் வாசிக்கும் ஒரு பெண்மேல் வந்த காதல். அவள் கூந்தலுக்கு உவமை அறுபதுகளின் மாடல் ஜீன் ஷ்ரிம்ப்டன். சரி, போகட்டும். அவள் நிற்கிற தோரணைக்கு உவமை ரோலிங் ஸ்டோன்ஸின் பழைய பேஸ்காரர் பில் வைமன்! நம்ம ஊரில் ஒரு பெண்ணிடம் இப்படிச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று தெரியும். பழைய ரெக்கார்ட் அட்டைகளைப் பார்த்தே வளர்ந்த ஒருவனுக்குத்தான் இந்த உவமை தோன்றும். பழசின்மேல் உள்ள பைத்தியத்தை இவர்கள் மறைக்கவே இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஒருடாலர்சிடி:

பழைய சிடி கடையில், ஒரு டாலர் பெட்டியில் இவர்களுடைய '11' ஆல்பம் கிடைத்தது. 1989-இல் வந்தது. காரில் போட்டதும் முதல் பாட்டு 'எ கேர்ள் லைக் யூ', கிட்டார் வந்து நெஞ்சில் இடித்தது. பவர் பாப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் விளக்கம் சொல்வதில்லை, இதைப் போட்டுவிடுவேன். பீட்டில்ஸ் மாதிரி உடனே வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, கூடவே முரட்டுக் கிட்டார்.

இது ஒரு சினிமாவுக்காக எழுதிய பாட்டு. வரிகள் கதையைப் போட்டு உடைக்கின்றன, மாற்றிக் கொடு என்றார்களாம். டினிசியோ மாட்டேன் என்றுவிட்டார். படம் கைவிட்டுப் போனது. பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் ஹிட் பட்டியலில் 38-ஆம் இடம் வரை ஏறியது. அடுத்த ஆல்பத்தின் 'டூ மச் பேஷன்' 37. அதற்குமேல் ஏறவில்லை. 1991 கடைசியில் நிர்வாணா என்ற ராக் பேண்ட் வந்து, ரேடியோவின் காதையே மாற்றிவிட்டது. இதில் வேடிக்கை, அதற்குச் சில வருடம் முன்பு அதே நிர்வாணா பையன்கள் வேனில் ஊர் ஊராகப் போகும்போது ஓயாமல் ஓடிய கேசட்டின் ஒரு பக்கம் ஸ்மிதரீன்ஸ்தான். மறுபக்கம் செல்டிக் ஃப்ராஸ்ட் என்ற சுவிஸ் மெட்டல் கூட்டம்.

சந்தேகசாமி:

எல்லாம் சரி. 2007-இல் பீட்டில்ஸின் 1964 அமெரிக்க ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதே வரிசையில் திரும்பப் பாடி வெளியிட்டார்களே, அது எதற்கு? நண்பர் ஒருவர் பிறந்தநாளுக்குக் கொடுத்தார். ஒருமுறை கேட்டேன், உடனே அசலை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஜெராக்ஸ் கடையா நடத்துகிறார்கள்?

நாலுகம்பி:

சாமி, மார்கழியில் நூறு பேர் ஒரே கீர்த்தனையைப் பாடுகிறார்கள், அதை யாரும் ஜெராக்ஸ் என்று சொல்வதில்லையே! ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆல்பத்தை நானும் அடிக்கடி போடுவதில்லை. அவர்கள் சந்தோஷத்துக்குப் பாடிக்கொண்டது அது. சொந்தப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் 1988-இன் 'கிரீன் தாட்ஸ்' எடுங்கள்.

இரண்டாம்வரிசை:

நான் இவர்களைத் தேடிப் போகவில்லை, என் வீட்டுக்காரர் கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டினிசியோ 2017 டிசம்பரில் இறந்துவிட்டார். கடைசி வருடங்களில் கீழே விழுந்து கை நரம்பு பாதிக்கப்பட்டு, கிட்டாரை விட்டுவிட்டுப் பாட மட்டும் செய்தாராம். அவருக்குப் பிறகு மற்ற மூவரும் வெளியிலிருந்து பாடகர்களை அழைத்துக்கொள்கிறார்கள், சில நாள் மார்ஷல் கிரென்ஷா, சில நாள் ஜின் ப்ளாசம்ஸ் பேண்டின் ராபின் வில்சன். நாங்கள் போன அன்று வில்சன்.

என் பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஒருவர், பழைய டூர் டிசர்ட்டில். எழுத்தெல்லாம் வெடித்து உதிர்ந்து, வயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. எல்லாப் பாட்டுக்கும் கத்திக்கொண்டிருந்தவர், 'ப்ளட் அண்ட் ரோசஸ்' பேஸ் ஆரம்பித்ததும் அமைதியாகிவிட்டார். பாட்டு முடியும்வரை கையிலிருந்த பீரை ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. என்னைப் பார்த்து, "இவர் நன்றாகப் பாடுகிறார். அது அவருடைய தப்பில்லை" என்றார். இன்றுவரை அதை நினைத்தால் சிரிப்பதா என்ன செய்வதா தெரியவில்லை.

டர்ன்பைக்12:

இரண்டாம்வரிசை அக்கா, அந்த பீர்க்காரரை நான் மறக்கப் போவதில்லை.

என் பங்குக்கு இன்னொன்று. ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம், முதல்முறையாக 12-இல் வண்டியை இறக்கினேன். மகளும் கூட வந்தாள். அரை மணி நேரம் தெருத்தெருவாகச் சுற்றினோம். வரிசை வீடுகள், மரங்கள், ஒரு பள்ளிக்கூட மைதானம். எதைப் பார்க்க வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பெட்ரோல் போட நிறுத்தினோம். நியூ ஜெர்சியில் நாமே போட்டுக்கொள்ள முடியாது, ஆள் வந்துதான் போடுவார். வந்தவர் தலைப்பாகை கட்டிய சர்தார்ஜி. "இந்த ஊர் பேண்ட் ஒன்று, ஸ்மிதரீன்ஸ்..." என்று இழுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, குருத்வாராவுக்கு வழி சொன்னார்.

"என்னப்பா பார்த்தோம்?" என்று மகள் கேட்டாள். பதில் சொல்லாமல் பாட்டைப் போட்டேன். டோல் கேட் வருவதற்குள் அந்தப் படியிறங்கும் இடத்தை இரண்டு தடவை திரும்பப் போடச் சொன்னாள்.