விளையாட்டு வீரரின் அரசியல் கருத்துக்கு அணி நிர்வாகம் தண்டனை தரலாமா?

எல்லைக்கோடு எழுதியது:

அரசியல் கருத்துச் சொன்னதற்காக ஒரு வீரரை அணி நீக்கியது என்ற செய்தி வந்தாலே, பேச்சுரிமை பறிக்கப்பட்டுவிட்டது என்ற குரல் எழுகிறது. அந்தக் குரலோடு என்னால் உடன்பட முடியவில்லை. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறதே தவிர, தனியார் நிறுவனத்தின் கையை அன்று. வீரர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் நடத்தை விதிகள் இருக்கின்றன. அவற்றைப் படித்து, ஏற்று, அதற்கான ஊதியத்தையும் பெற்றுக்கொள்கிறார்.

ஆஸ்திரேலிய ரக்பி வீரர் இஸ்ரேல் ஃபொலாவ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபாலீர்ப்பாளர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்ற பொருளில் அவர் 2018இல் எழுதியபோதே சர்ச்சை எழுந்தது. நிர்வாகம் அவரிடம் பேசியது. அதன் பின்னரே புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. 2019 ஏப்ரலில் அதே கருத்தை மீண்டும் இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். மூவர் கொண்ட விசாரணைக் குழு அதைக் கடுமையான விதிமீறல் என்று முடிவு செய்தது. மே மாதம் ஒப்பந்தம் ரத்தானது. எச்சரிக்கையும் விசாரணையும் நடந்த பிறகு எடுத்த முடிவை அடக்குமுறை என்று எப்படிச் சொல்வது?

யாழினி எழுதியது:

நீங்கள் தேர்ந்தெடுத்த வழக்கு 2019 டிசம்பரில் எப்படி முடிந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். மதத்தின் காரணமாகப் பணிநீக்கம் செய்தார்கள் என்று ஃபொலாவ் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. இரு தரப்பும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கோரிக் கூட்டறிக்கை வெளியிட்டன. நிர்வாகத்தின் பக்கம் நியாயம் அவ்வளவு தெளிவாக இருந்திருந்தால் அந்த அறிக்கைக்குத் தேவையே எழுந்திருக்காது. ஃபொலாவின் கருத்து எனக்கு அருவருப்பானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உரிமையைப் பற்றிய என் நிலைப்பாடு அதனால் மாறப்போவதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, முதல் திருத்தத்தோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை. கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம், ஊழியரின் அரசியல் செயல்பாட்டைக் கட்டுப்படுத்துவதையே தனியார் முதலாளிக்கு மறுக்கிறது. பணி நேரத்துக்கு வெளியே ஊழியர் ஈடுபடும் அரசியல் நடவடிக்கைக்கு நியூயார்க்கில் பாதுகாப்பு உண்டு. தனியார் நிறுவனம் நினைத்ததைச் செய்யலாம் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியன்று.

கதிரவன் எழுதியது:

சட்டத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு நடைமுறையைப் பார்ப்போம். அணிக்குப் பணம் வருவது பார்வையாளரிடமிருந்தும் ஒளிபரப்பாளரிடமிருந்தும் விளம்பரதாரரிடமிருந்தும்தான். ஒருவர் சொன்ன ஒரு வரிக்காக அந்த மூன்றும் ஆட்டம் கண்டால், இழப்பைச் சுமப்பது அவர் மட்டுமல்ல. உடன் ஆடும் வீரர்களின் ஊதியமும் அதே வருவாயிலிருந்துதான் வருகிறது.

2019 அக்டோபரில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கூடைப்பந்து அணியின் பொது மேலாளர் டேரில் மோரி, ஹாங்காங் போராட்டத்தை ஆதரித்து ஒரு ட்வீட் போட்டார்; விரைவிலேயே நீக்கியும் விட்டார். சீன அரசுத் தொலைக்காட்சி, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டங்களை ஒளிபரப்புவதை நிறுத்தியது. அந்த விவகாரத்தால் ஏற்பட்ட வருவாய் இழப்பு 40 கோடி டாலரை எட்டாமல் இருக்கலாம் என்று லீக்கின் தலைவர் ஆடம் சில்வர் பின்னர் கணித்தார். அத்தனை பெரிய தொகையைச் சில சொற்களுக்காக விட்டுக்கொடுக்க எந்த நிறுவனத்துக்கும் கடமை இல்லை.

செங்குட்டுவன் எழுதியது:

கதிரவன் சொன்ன எடுத்துக்காட்டு அவருடைய வாதத்தையே திருப்பித் தாக்குகிறது. அத்தனை இழப்புக்குப் பிறகும் மோரிக்கு என்பிஏ தண்டனை தரவில்லை; கருத்துச் சொல்லும் உரிமையை ஆதரிப்பதாகவே சில்வர் அறிவித்தார். (முதலில் வந்த அறிக்கையின் தொனி வேறு மாதிரி இருந்தது என்பது தனிக் கதை.) லீக் இழப்பைத் தாங்கிக்கொண்டு தொடர்ந்து நடக்கிறது.

பணம்தான் அளவுகோல் என்று ஏற்றுக்கொண்டால், எந்தக் கருத்து அனுமதிக்கத்தக்கது என்பதை அதிகமாகச் செலவழிப்பவர் தீர்மானிப்பார். அதே 2019 டிசம்பரில், உய்குர் முஸ்லிம்கள் சீனாவில் நடத்தப்படும் விதத்தைக் கண்டித்துக் கால்பந்து வீரர் மெசுட் ஒசில் எழுதினார். அவருடைய ஆர்சனல் கிளப், அது அவருடைய சொந்தக் கருத்து, நாங்கள் அரசியலில் ஈடுபடுவதில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. எந்த மனித உரிமைக் கேள்வி பெரிய சந்தையைத் தொடுகிறதோ, அந்தக் கேள்விதான் கிளப்புகளுக்கு அரசியலாகத் தெரிகிறது.

எல்லைக்கோடு எழுதியது:

யாழினி, செங்குட்டுவன், நீங்கள் இருவரும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் போகிறீர்கள். வீட்டில் உட்கார்ந்து எழுதுவது ஒன்று. அணியின் சீருடையில், அணி ஏற்படுத்திக் கொடுத்த மேடையில் நின்று சொல்வது இன்னொன்று. 2024இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் நிக் போசா, ஆட்டம் முடிந்ததும் நடந்த தொலைக்காட்சிப் பேட்டியில் டிரம்ப் ஆதரவுத் தொப்பியுடன் தோன்றியதற்கு 11,255 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. அவர் யாரை ஆதரித்தார் என்பதற்காக அன்று; சீருடையோடு தனிப்பட்ட செய்தியை அணியக் கூடாது என்ற விதிக்காக. வலதுசாரிக்கும் இடதுசாரிக்கும் ஒரே விதி என்றால் அதில் யாருக்கும் குறை இருக்க முடியாது.

யாழினி எழுதியது:

ஆடுகளத்துக்கும் வெளிக்கும் இடையே வேறுபாடு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. 2023 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா, “எல்லா உயிர்களும் சமம்” என்று காலணியில் எழுதி ஆட விரும்பினார். ஐசிசி அனுமதி மறுத்தது. பெர்த் டெஸ்டில் கறுப்புக் கைப்பட்டை அணிந்ததற்குக் கண்டனமும் வந்தது. வேறு வீரர்கள் முன்னனுமதி இல்லாமல் மட்டையில் மதச் சின்னங்களை ஒட்டி ஆடியபோது நடவடிக்கை இல்லாததை அவரே சுட்டிக்காட்டினார்.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. மற்ற தொழில்களில் ஒரு நிறுவனம் நீக்கினால் போட்டி நிறுவனத்தில் வேலை தேடலாம். விளையாட்டில் போட்டியிடும் அணிகள் எல்லாம் ஒரே லீக்கின் உறுப்பினர்கள். தேசிய கீதத்தின்போது 2016இல் மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் கோலின் கேப்பர்நிக் 2017 மார்ச்சில் தன் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். அதன்பின் அந்த லீக்கின் 32 அணிகளில் ஒன்றுகூட அவரை எடுக்கவில்லை. விளையாட்டு வாழ்க்கையோ குறுகியது. இத்தகைய சந்தையில் “பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்” என்பது வெறும் பேச்சு.

கதிரவன் எழுதியது:

கேப்பர்நிக் எப்போதும் இந்த விவாதத்தில் தியாகியாக வந்து நிற்கிறார். அவரை யாரும் நீக்கவில்லை, தாமே வெளியேறினார். அணிகள் கூடிச் சதி செய்தன என்று 2017 அக்டோபரில் தொடுத்த முறையீடும் 2019 பிப்ரவரியில் இரகசிய உடன்பாட்டில் முடிந்தது. சதி நிரூபிக்கப்படவில்லை. பார்வையாளரில் ஒரு பகுதியினர் வெறுக்கும் ஒருவரை எடுக்க வேண்டாம் என்று 32 உரிமையாளர்களும் தனித்தனியாக முடிவெடுத்திருக்க முடியாதா?

செங்குட்டுவன் எழுதியது:

முடியும். அங்கேதான் சிக்கலே இருக்கிறது. லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின்படி, தகுதியுள்ள வீரருக்கு அழைப்பு வரவில்லை என்பது மட்டுமே சதிக்கு ஆதாரமாகாது. அவருடைய ஆட்டத்திறனைக் காட்டும் சான்றுகளைச் சேர்த்து வைத்தாலும் போதாது. ஆக, யாரும் யாருக்கும் கடிதம் எழுதாத வரை அந்த வீரர் எதையும் நிரூபிக்க இயலாது.

இதற்கு நேர்மாறான நிலையை ஜெர்மனியில் பாருங்கள். காசா குறித்த பதிவுகளுக்காக மைன்ஸ் கால்பந்துக் கிளப் அன்வர் எல் காசியை 2023 நவம்பரில் நீக்கியது. 2024 ஜூலையில் மைன்ஸ் தொழிலாளர் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவருக்கு நீதி கிடைத்ததற்குக் காரணம், நீக்கியதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தது. நீதிபதி அதைக் கையில் எடுத்து ஆராய முடிந்தது. கேப்பர்நிக்கிடம் அப்படிக் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. இந்த இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எந்தக் கிளப்பும், அடுத்த முறை வீரரை நீக்காமல் ஒப்பந்தம் முடியும் வரை பொறுத்திருக்கவே கற்றுக்கொள்ளும்.

எல்லைக்கோடு எழுதியது:

அப்படியானால் உங்கள் தீர்வுதான் என்ன? ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத வீரர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால், ஆட்டம் குறைந்துபோன எவரும் ஒரு அரசியல் பதிவைப் போட்டுவிட்டு, அதனால்தான் எடுக்கவில்லை என்று வழக்குத் தொடுப்பார். தேர்வுக் குழுவின் வேலையை நீதிமன்றம் செய்ய நேரும்.

யாழினி எழுதியது:

எல்லோருக்கும் காரணம் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆட்டம் குறையாதவருக்கு மட்டும் கேட்கிறேன். 1996 மார்ச்சில் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க மறுத்ததற்காக மஹ்மூத் அப்துல் ரவூஃபை என்பிஏ ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது. இரண்டு நாளில் உடன்பாடு வந்தது. எழுந்து நிற்பார், தலை குனிந்து பிரார்த்தனை செய்துகொள்வார். விதிக்குக் கட்டுப்பட்டார், பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். அந்தப் பருவத்தில் டென்வர் அணிக்குச் சராசரியாக அதிகப் புள்ளிகளைச் சேர்த்தவர் அவர்தான். பருவம் முடிந்ததும் அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். 1998இல் ஒப்பந்தம் முடிந்த பிறகு அவர் வெளிநாட்டில் ஆடப் போனார். என்பிஏவில் அவருடைய கடைசிப் பருவம் 2000-01. பதிவேட்டில் உள்ள தண்டனை ஓர் ஆட்டம்தான்.

இப்படிப்பட்டவர் வந்து கேட்கும்போது, ஏன் எடுக்கவில்லை என்பதை விளக்கும் பொறுப்பு அணியின் மேல் விழட்டும். விளையாட்டுக் காரணம் உண்மையாகவே இருந்தால், ஆட்டப் பதிவுகளை வைத்து ஒரு பிற்பகலில் அதைக் காட்டிவிடலாம்.

கதிரவன் எழுதியது:

ஆட்டம் குறையவில்லை என்று யார் சொல்வது? அதைத் தீர்மானிக்கும் குழுவில் லீக்கின் ஆட்கள் இருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வீரர் சங்கத்தின் ஆட்கள் மட்டும் இருந்தால் நான் நம்பமாட்டேன்.

செங்குட்டுவன் எழுதியது:

இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் மத்தியஸ்தர் இப்போதும் இருக்கிறார். கேப்பர்நிக்கின் முறையீடு அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் போனது. அதைத் தள்ளுபடி செய்யுமாறு லீக் கேட்டதை அவர் 2018 ஆகஸ்டில் மறுத்தும் விட்டார். அவருக்கு முன்னால் வைக்கப்படும் ஆதார விதியை மாற்றினால் போதும். புதிய குழு எதுவும் வேண்டியதில்லை. அதை மாற்றும் இடம் நீதிமன்றமும் அன்று, அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தைதான். ஊதிய உச்சவரம்பை உயர்த்தப் போராடும் சங்கங்கள் இந்த ஒரு விதிக்காகவும் மேசையில் எதையாவது விட்டுக்கொடுக்க முன்வருமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.