பிராக் நகரில் நடைச் சுற்று: ஒரே இடத்தை இரண்டு முறை பார்த்த கதை

செக் நாட்டின் தலைநகரான பிராகின் பழைய நகரச் சதுக்கத்தில் வண்ணக் குடையுடன் நிற்கும் வழிகாட்டிகளைக் கண்டால், இலவசச் சுற்று இருக்கையில் பணம் கட்டுவானேன் என்றுதான் தோன்றும். முதல் நாள் நானும் மனைவியும் அப்படித்தான் சேர்ந்தோம். நாற்பது பேருக்குக் குறையாத கூட்டம். வானியல் கடிகாரத்தின் கீழ் காத்திருந்து, அதிலுள்ள எலும்புக்கூட்டுப் பொம்மை மணியை இழுப்பதைப் பார்த்தோம்; இந்தக் கடிகாரத்தைச் செய்த ஹனுஷ் என்பவர் வேறெங்கும் இன்னொன்று செய்துவிடாதபடி நகரத்தார் அவர் கண்களைக் குருடாக்கினார்கள் என்பதை வழிகாட்டி நடந்த வரலாறாகவே சொல்லி முடித்தார். இறுதியில், பக்கத்திலிருந்தவர் கொடுத்ததைப் பார்த்து நாங்களும் கொடுத்த அன்பளிப்பு, மறுநாள் கட்டிய கட்டணத்தைவிட அதிகம் குறைவில்லை.

மறுநாள், பத்துப் பேருக்கு மேல் சேர்க்காத சுற்றில் முன்பதிவு செய்து போனோம். வழிகாட்டி வயதான அம்மையார். அதே கடிகாரத்தின் முன் நிறுத்தி, 1410-இல் அதைச் செய்தவர் கடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்றும், கண் பறித்த கதை பிற்காலத்தில் எழுந்த புனைவு என்றும் விளக்கிவிட்டு, நகர மன்றச் சுவரோரம் நடத்திச் சென்று, "காலடியைப் பாருங்கள்" என்றார். தரைக் கற்களில் வெண்ணிறச் சிலுவைகள் பதிந்திருந்தன. முந்தைய நாள் அவற்றின்மேல்தான் நின்றிருந்தோம். 1620-இல் வெள்ளை மலைப் போரில் தோற்ற, பேரரசரை எதிர்த்து போஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) எழுந்த கிளர்ச்சியின் தலைவர்கள் 27 பேர், மறு ஆண்டு ஜூன் 21 அன்று அங்கே கொல்லப்பட்டதன் நினைவு அது. என் மனைவி ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கும்வரை அம்மையார் பொறுமையாக நின்றார். நாற்பது பேருடன் வந்தவருக்கு அது முடிந்திருக்காது. ஆகவே பதிவு செய்யுமுன், எத்தனை பேர் வருவார்கள் என்றும், எத்தனை இடங்களைக் காட்டுவீர்கள் என்றும் கேளுங்கள். இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு இடம் என்றால் நான் போகமாட்டேன்.

மேலே எழுதிய நண்பருக்கு ஒரு வாசகரின் பதில்: எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் கேட்க வேண்டும். எழுபது வயதைக் கடந்த என் தாயாருடன் சென்றபோது, சார்லஸ் பாலத்தைக் கடந்து கடைசியில் கோட்டை மேட்டில் ஏற வேண்டியிருக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. கருங்கல் பாவிய ஏற்றத்தில் முழங்கால் வலி தாளாமல், அவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த முறை 22-ஆம் எண் டிராமில் கோட்டைக்குப் போய், அங்கே தொடங்கி ஆற்றை நோக்கி இறங்கும் சுற்றைத் தேர்ந்தோம். அவர் எங்களுக்கு முன்னால் நடந்தார்.