களியக்காவிளை தாண்டிப் போகும் பார்சலுக்கு சிஓடி வேணுமா, வேண்டாமா?

மார்த்தாண்டம் மூலை

விவாதத்துக்கு ஒரு கேள்வி. தேன், நேந்திரன் சிப்ஸ், கருப்பட்டி மூணையும் சொந்த சைட்லயும் வாட்ஸ்அப்லயும் விக்கிற சின்னக் கடை. மாசம் நூறு, நூத்தம்பது ஆர்டர். பாதிக்கு மேல களியக்காவிளை எல்லை தாண்டி கேரளம். முக்காவாசிப் பேரு சிஓடிதான் (பார்சல் கைக்கு வந்ததும் காசு) கேக்காங்க. சிஓடில போற நூறு பார்சல்ல இருபது திரும்பி வருது. இதை அடியோட நிறுத்தலாமா, வச்சுக்கிட்டே சரிபண்ணலாமா? கணக்கோட சொல்லுங்க. "எல்லாரும் வச்சிருக்காங்க"ன்னு சொல்ல வேண்டாம்.

கணக்கு நோட்டு

நிறுத்துங்கள். கணக்கு இதோ. எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

விற்பனை விலை 550. சரக்கு, பாட்டில், பெட்டி எல்லாம் சேர்த்து 330. போகும் கூரியர் 75. சிஓடி கட்டணம் 30. திரும்பி வந்தால் அதற்கு 65.

நூறு சிஓடி ஆர்டரில் 80 சேர்கிறது, 20 திரும்புகிறது. வரவு 44,000. சேர்ந்த 80-க்குச் சரக்குச் செலவு 26,400. கூரியர் நூற்றுக்கும் கொடுத்தாக வேண்டும், 7,500. சிஓடி கட்டணம் 2,400 (திரும்பியதற்குப் பல கூரியர்காரர்கள் இதை எடுப்பதில்லை). திரும்பும் கூலி 1,300. மிச்சம் 6,400.

சிஓடி இல்லையென்றால் ஆர்டர் பாதியாகக் குறையும் என்று பயப்படுகிறீர்கள். சரி, 55 மட்டும் வரட்டும். பேமென்ட் கேட்வேக்கு (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 13 ரூபாய். ஓர் ஆர்டருக்கு நிற்பது 132. ஐம்பத்தைந்துக்கு 7,260. ஐம்பத்தைந்து பெட்டி கட்டி, நூறு பெட்டி கட்டியதை விட 860 ரூபாய் கூட. 49 ஆர்டர் வந்தாலே இரண்டும் சமம்.

இதில் பணம் முடங்குவதைச் சேர்க்கவே இல்லை. சிஓடி பணம் டெலிவரி ஆன அன்று உங்கள் கைக்கு வராது. கூரியரோ நடுவில் இருக்கும் ஷிப்பிங் தளமோ பிடித்து வைத்து, பிறகுதான் அனுப்பும். அதுவரை அடுத்த லோடு காய் வாங்கக் கைக்காசு போட வேண்டும்.

தேன்பெட்டி

அண்ணே, கணக்கு சரிதான், ஆனா முதல் ஆர்டரோட நிப்பாட்டிட்டீங்க. தேன் கடை முதல் ஆர்டர்ல பிழைக்காது, ரெண்டாவதுலதான் பிழைக்கும்.

80 பேரு கையில தேன் போய்ச் சேர்ந்திருக்கு. உங்க வழியில 55 பேரு. நாலுல ஒருத்தர் மறுபடி வாட்ஸ்அப்ல கேட்டு யுபிஐல போடுறாருன்னு வைங்க. நேரா யுபிஐக்கு வாங்குனா கமிஷன் கிடையாது, 2020 ஜனவரியிலிருந்து அதுக்கு எம்டிஆர் (கடைக்காரர்கிட்ட பிடிக்கிற கட்டணம்) பூஜ்யம். அப்போ ஆர்டருக்கு 145 நிக்கும். 80-ல 20 ஆர்டர், 2,900. 55-ல 14 ஆர்டர், 2,030. கூட்டிப் பாருங்க: சிஓடி வழியில 9,300, உங்க வழியில 9,290. மூணாவது ஆர்டர்ல நாங்க முந்திருவோம்.

ஒரு எச்சரிக்கையும் சேத்துக்கிடுங்க. யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டைப் பாத்துப் பார்சல் கட்டாதீங்க. உங்க பேங்க் கணக்குல ஏறியிருக்கான்னு பாத்துட்டு கட்டுங்க. போலி ஸ்கிரீன்ஷாட் பண்ண ஒரு நிமிஷம் ஆகாது.

கணக்கு நோட்டு

பத்து ரூபாய் வித்தியாசத்துக்கு இருபது பார்சல் திரும்பி வாங்குவதா? அதோடு, முன்பணம் போட்டவரும் சிஓடிகாரரும் ஒரே விகிதத்தில் திரும்ப வாங்குவார்கள் என்று யார் சொன்னது? முன்பணம் போட்டவர் ஏற்கனவே உங்களை நம்பியவர்.

புளியரை

ரெண்டு பேரும் தேனையே சுத்திச் சுத்திப் பேசுதீய. கேட்டவரு சிப்ஸும் விக்காரு.

திரும்பி வந்த தேன் பாட்டில்ல சீல் பிரியலன்னா துடைச்சு மறுபடி விக்கலாம். சிப்ஸ் அப்படியா? போக அஞ்சு நாள், வர பத்து நாள், நடுவுல எத்தன மூட்டைக்கு அடியில கிடந்துச்சோ. பாதி தூளாயிருக்கும். பாக்கெட்ல போட்ட ஆயுள்ல ரெண்டு வாரம் ரோட்டுலயே கழிஞ்சிருக்கும். அதை மறுபடி அனுப்புனா அடுத்த ஆளு ஒத்த நட்சத்திரம் போடுவான். அப்போ இருபது பாக்கெட் சரக்கு நட்டம், 330 வீதம் 6,600. அண்ணாச்சி சொன்ன 6,400 மிச்சத்துல அதைக் கழிங்க. கைநட்டம் 200. தேன்பெட்டி சொல்லுத மறு ஆர்டர் 2,900-ஐக் கூட்டுனாலும் 2,700-தான்.

இன்னொண்ணு, சிப்ஸுக்கு அந்த 75 ரூவா கூரியரும் கட்டுப்படியாகாது. கூரியர்காரன் தராசுல நிக்கிற எடையை மட்டும் பாக்க மாட்டான், பெட்டி அடைக்கிற இடத்தையும் பாப்பான். நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000-ஆல வகுத்தா வாறது கன எடை. எது கூடுதலோ அதுக்குத்தான் பில்லு. 30×25×20 பெட்டியில ஒரு கிலோ சிப்ஸ் போட்டா 15,000 வகுத்தல் 5,000, மூணு கிலோ பில்லு. அதே சரக்கை கால் கிலோ பாக்கெட் நாலாப் போட்டு 28×20×14 பெட்டியில படுக்க வச்சா 1.57 வரும், அரைக் கிலோ படியில 2 கிலோ. ஒரு கிலோ கூலி மிச்சம். தேன் நேர்மாறு, தண்ணியை விடக் கனம். அரைக் கிலோ தேன் சுமார் 355 மில்லிதான். ரெண்டு பாட்டில் போட்ட 20×12×18 பெட்டிக்குக் கன எடை 0.86, தராசு எடை 1.2 கிலோ, பில்லு 1.5.

பேக் பண்ணின பெட்டியைத் தராசுல வச்சு, அளவு டேப்போட ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க. எடை கூடுதல்னு பின்னாடி பில்லு ஏத்துனா அந்தப் போட்டோ இல்லாம வாதாட முடியாது.

நெகிழிக் கவர்ல போட்டு மெழுகுவத்தில ஒட்டுற வேலைய ஆன்லைனுக்கு விட்டுருங்க. வெளிச்சமும் காத்தும் பட்டா எண்ணெய் காறும். உள்ள அலுமினியம் பூசுன லேமினேட் பவுச், நைட்ரஜன் அடிச்சு சீல். நைட்ரஜன் காறல் வாடையைத் தள்ளிப்போடும், நொறுங்குறதையும் கொறைக்கும். அதுக்காக பந்து மாதிரி ஊத வைக்காதீங்க, கன எடைல அதுக்கும் காசு.

இஞ்சிவிளை

நூத்துக்கு இருபது ஏன் திரும்புதுன்னு ஒருத்தரும் கேக்கல்லியே. வாங்குறவன் மனசு மாறுனது ஒரு பங்குதான்.

கேரள விலாசத்துல கதவு எண் பாதிக்குக் கிடையாது. வீட்டுப்பேரு, போஸ்ட் ஆபீஸ், அவ்வளவுதான். தமிழ்நாட்டு ஃபார்ம்ல "கதவு எண், தெரு"ன்னு கட்டாயக் கட்டம் வச்சா அந்த ஆளு ஒரு புள்ளி போட்டுட்டுப் போயிருவாரு. வீட்டுப்பேரு, போஸ்ட் ஆபீஸ், பக்கத்துல தெரிஞ்ச இடம், ரெண்டாவது போன் நம்பர், இந்த நாலு கட்டம் வைங்க. பின்கோடை அடிச்சதும் ஊரும் ஜில்லாவும் தானா வரணும். 629 கன்யாகுமரி ஜில்லா, 695 திருவனந்தபுரம் பக்கம். ரெண்டையும் குழப்பி எழுதுற எல்லையோர ஆளுங்க நிறைய.

ஆர்டர் வந்த அன்னைக்கே வாட்ஸ்அப்ல மலையாளத்துல ரெண்டு வரி போடுங்க: "நாளெ பார்சல் அயக்கும். வீட்டில் ஆளுண்டாகுமோ? அடுத்துள்ள ஸ்தலம் ஏதாணு?" (நாளைக்கு பார்சல் அனுப்புவோம், வீட்டுல ஆளு இருப்பாங்களா, பக்கத்துல உள்ள இடம் எதுன்னு அர்த்தம்.) பதில் வந்தா அனுப்புங்க. மறுநாள் மத்தியானம் வரை பதில் இல்லன்னா ஒரு தடவை கூப்பிடுங்க, எடுக்கலன்னா ஆர்டரை ரத்து பண்ணுங்க. பார்சல் கட்டாம விட்டா நட்டம் ஒண்ணுமில்ல. கட்டி அனுப்பித் திரும்புனா 75-ம் 65-ம் சேத்து 140.

"ஆள் இல்லை", "போன் எடுக்கலை"ன்னு கூரியர் டாஷ்போர்ட்ல வந்தா அன்னைக்கே நீங்களே வாங்குறவரைக் கூப்பிட்டு, மறு டெலிவரிக்குத் தேதி போடணும். பெரும்பாலும் மூணு தடவை பாத்துட்டு அவங்க திருப்பிருவாங்க. சின்னக் கடைக்காரங்க அந்தப் பக்கத்தை வாரத்துக்கு ஒரு தடவைதான் திறக்காங்க, அதுக்குள்ள பார்சல் பாதி வழி திரும்பியாச்சு.

இதெல்லாம் செஞ்சும் கொறையலன்னா அப்புறம் சிஓடியைத் திட்டுங்க.

கணக்கு நோட்டு

இஞ்சிவிளை சொல்வதில் தவறில்லை. ஆனால் நூற்றைம்பது ஆர்டருக்கும் ஒரு ஆள் போன் பண்ண வேண்டும். அந்த ஆளின் கூலி உங்கள் கணக்கில் எங்கே?

மூலை அண்ணன் ஒன்றைச் சொல்லவில்லை. கேரளத்துக்கு அனுப்புகிறார், ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா? "ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்கு உள்ளேதானே, வேண்டாம்" என்றுதான் மார்த்தாண்டம் முதல் களியக்காவிளை வரை சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வரம்பு மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு. வரி உள்ள பொருளை மாநிலம் தாண்டி விற்றால் சிஜிஎஸ்டி சட்டம் 24-ஆம் பிரிவுப்படி முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பாறசாலை நடந்து போகிற தூரம் என்பது சட்டத்துக்குத் தெரியாது. கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு, சிப்ஸுக்கு இல்லை.

காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர் விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் வரி கட்டுவது) இருந்தாலும் மாநிலம் விட்டு விற்கக் கூடாது. பெரிய மார்க்கெட்பிளேஸில் பதிவில்லாமல் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் வந்த சலுகையும் மாநிலத்துக்குள் மட்டும்தான்.

பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய தேன், கருப்பட்டி இரண்டுக்கும் 5 சதவீதம். சிப்ஸும் 2025 செப்டம்பர் 22-லிருந்து 12-லிருந்து 5-க்கு இறங்கியிருக்கிறது. கேரளத்து ஆளுக்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஜிஎஸ்டி) 5 என்று பில் போடுங்கள். கூரியர் கூலியைத் தனியாக வாங்கினாலும் அது சரக்கோடு சேர்ந்தது, அதற்கும் அதே 5. கூரியர்காரர் உங்களிடம் வாங்கும் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்தால். பதிவு செலவு என்று பயப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

மார்த்தாண்டம் மூலை

ஜிஎஸ்டி இருக்கு அண்ணே. சிப்ஸுக்கு மட்டும் 99 ரூபா முன்பணம் வாங்கிட்டு மீதியை சிஓடில விட்டா?

புளியரை

99 பாக்க அழகா இருக்கும், காயத்தை மூடாது. போக வர 140 ஆகுதுல்லா? முன்பணம் 140-க்குக் கீழ வாங்குனா கூரியர்காரனுக்கு நீங்க கைக்காசு போடணும். 150 வாங்குங்க.

அதை எங்க எழுதுதீய என்கதும் முக்கியம். பொருள் பக்கத்துலயே, விலைக்குக் கீழயே "சிஓடி கேட்டால் 150 முன்பணம், பார்சலை வாங்க மறுத்தால் திருப்பித் தரப்படாது"ன்னு இருக்கணும். கடைசிப் பக்கத்துல பணம் கட்டும்போது திடீர்னு சிஓடி கட்டணம் காட்டுனா, 2023 நவம்பர்ல வந்த டார்க் பேட்டர்ன் (வாங்குறவரை ஏமாத்துற சைட் தந்திரம்) வழிகாட்டுதல்ல அதுக்கே தனிப் பேரு போட்டுத் தடுத்திருக்கான்.

தேன்பெட்டி

சிப்ஸை விட்டுக்கொடுக்கேன், கருப்பட்டியையும் எடுத்துக்கிடுங்க, மழைக்காலத்துல அது இளகிரும். தேனை விடமாட்டேன்.

முன்பணம் வாங்கிட்டா ரிட்டர்ன் இல்லன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சேதி. நம்ம ஊர்ல கிடைக்கிறதுல பெரும்பங்கு ரப்பர் தேன். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது இலைக்காம்புல சுரக்கிற தேன் அது, பூவுல உள்ளது இல்ல. சீக்கிரம் உறையும். கொச்சில இருக்கிறவரு பாட்டில் அடியில வெள்ளையாக் கண்டதும் "சீனிப்பாகு"ன்னு படம் எடுத்துப் போடுவாரு. அவரு முன்பணம் கட்டியிருந்தா சத்தம் இன்னும் கூடத்தான் இருக்கும். பாட்டில்லயே எழுதுங்க: உறைவது இயல்பு, 40 முதல் 45 டிகிரி வெந்நீர்ல பாட்டிலை வச்சா இளகும், அடுப்புல வைக்காதீங்க. சூடு ஏறுனா ஹெச்எம்எஃப் (சூட்டுல தேன்ல உண்டாகுற ஒரு பொருள்) கூடும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ போட்ட வரம்பு கிலோவுக்கு 80 மில்லிகிராம்.

ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல உள்ள தேனை ஆன்லைன்ல ஏத்தவே ஏத்தாதீங்க. ஈரப்பதம் பாக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் ஒண்ணு வாங்கி ஒவ்வொரு டின்னையும் பாருங்க. ஈரம் கூடுனா புளிச்சு வாயு வரும், வேன் சூட்டுல மூடி தள்ளும், ஒரு பாட்டில் கசிஞ்சா கூட இருக்கிற பத்து பார்சலும் ஒட்டும். பெட் பாட்டில், வாய்க்கு இண்டக்‌ஷன் சீல் (வாய்ல ஒட்டுற அலுமினியத் தகடு), அதுக்கு மேல மூடி, தனி பாலித்தீன் கவர், அஞ்சு பிளை (அடுக்கு) அட்டைப் பெட்டி. சீல் போட்ட பாட்டிலைத் தலைகீழா ஒரு ராத்திரி வச்சுப் பாருங்க. இந்த அஞ்சும் செஞ்ச தேன் சிஓடில திரும்பி வந்தாலும் மறுபடி விக்கும். அதனாலதான் சொல்றேன், தேனுக்கு முன்பணம் கேட்டு புது ஆளை விரட்டாதீங்க.

கணக்கு நோட்டு

புது ஆளுக்குக் கால் கிலோ பாட்டில் மட்டும் சிஓடியில் கொடுங்கள். பெரிய பாட்டிலும் இரண்டாவது ஆர்டரும் முன்பணத்தில். ஒரே போன் எண்ணிலிருந்து ஒரு தடவை திரும்பினால் அந்த எண்ணுக்கு சிஓடி அடைத்துவிடுங்கள். இதற்கு மேல் இறங்க மாட்டேன்.

தேன்பெட்டி

கால் கிலோவுக்குக் கூரியர் கூலியும் சிஓடி கட்டணமும் போனா என்ன நிக்கும்? அரைக் கிலோவுக்குக் கீழ சிஓடி கொடுக்கிறதுதான் அண்ணே உண்மையான நட்டம். அதுக்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்க, பாப்போம்.

இஞ்சிவிளை

நீங்க அதைத் தீத்துக்கிடுங்க. மூலை, ஓணத்துக்குப் பத்து நாள் முன்னாலயே சிப்ஸ் சிஓடியை அடைச்சிருங்க. அப்போ நேந்திரன் விலையும் ஏறும், ஒரு கிலோ சிப்ஸுக்கு ஏறக்குறைய நாலு கிலோ காய் வேணும், கூரியர் வண்டியும் நெரியும். திருவோணம் கழிஞ்சு போய்ச் சேர்ற உப்பேரியை (சிப்ஸை) ஒருத்தனும் காசு கொடுத்து வாங்க மாட்டான். "இந்தத் தேதிக்கு மேல ஓணத்துக்குள்ள சேராது"ன்னு சைட் முகப்புல தேதி போட்டு எழுதுங்க, மலையாளத்துலயும்.