டிரம் லூப்புக்குத் தமிழ்: ஆவர்த்தனமா, சுற்றா, மடக்கா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

பழைய பதிவிலிருந்து தாளத்தை வெட்டியெடுத்து, அதன்மேல் வீட்டிலேயே புதுப்பாட்டு கட்டுவோருக்கான கையேடு ஒன்று தமிழாகிறது. சாம்பிள் (வெட்டியெடுத்த ஒலி; நொடிக்கு இத்தனை என்று எண்ணும் ஒலி அளவீட்டுக்கும் அதே பெயர்தான்), லூப் (திரும்பத் திரும்ப ஓடவிடும் துண்டு), பிரேக் (பாட்டின் நடுவே தாளம் மட்டும் ஒலிக்கும் இடம்) மூன்றும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. முதல் வரைவில் எல்லாவற்றுக்கும் ‘மாதிரி’தான். ‘நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட மாதிரி’ என்று ஒரு வரி, யாருக்குப் புரியும்?

என் முன்மொழிவு: சாம்பிள் – ஒலித்துணுக்கு, லூப் – ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று), பிரேக் – தனியாவர்த்தனம் (கச்சேரியில் தாளவாத்தியம் தனித்து வாசிக்கும் பகுதி). லூப்புக்குச் ‘சுற்று’ம் சரியே.

----

> லூப் – ஆவர்த்தனம்

ஐயா, இது ஒத்துவராது. ஆதி தாளத்து ஆவர்த்தனம் என்றால் எட்டு அட்சரம், கூடாது குறையாது. லூப் பாதியாகவும் இருக்கும், ஒன்றரையாகவும் இருக்கும். தனியாவர்த்தனம் இன்னும் மோசம். அது மோரா, கோர்வை என்று தாளக் கணக்கில் வித்தை காட்டி முடிக்கும் இடம். பிரேக்கில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, டிரம்மர் நடையை விடாமல் ஓட்டுவார், அவ்வளவுதான். ‘சுற்று’ மின்சுற்றோடு மோதும்.

1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதன் தொடக்கத்துக்குத் தாவினார். இதற்கு நம் அணியிலக்கணத்தில் பெயர் இருக்கிறது: மடக்கு. வந்த தொடரே மறுபடி வந்து வேறு பொருள் தருவது. பழைய அடி புதுப்பாட்டில் செய்வதும் அதுதானே? ‘தாளமடக்கு’ என் வாக்கு.

----

> தாளமடக்கு

ஒரு மடக்குத் தண்ணீரும், கணக்கில் வரும் மடக்கையும் (லாகரிதம்) நினைவுக்கு வருகின்றன. போகட்டும், ஏற்கிறேன். ஒரு நிபந்தனை: வெட்டியதெல்லாம் மடக்கல்ல. பதிவிலிருந்து எடுத்தபடி இருப்பது துணுக்கு. வாலும் தலையும் சேர்ந்து இடறாமல் ஓடினால்தான் மடக்கு. கையேட்டைப் படிப்பவர் தடுக்கி விழும் இடமே இதுதான்.

நிமிடத்துக்கு 96 அடி ஓடும் நடை என்று வையுங்கள். நாலடிக்கு 2.5 நொடி, 44,100 வீதத்தில் 1,10,250 கூறுகள். (இந்தச் சாம்பிளுக்குக் ‘கூறு’ போதும்.) வெட்டு 10 மில்லிநொடி நீண்டால் முதல் தடவை காதுக்குத் தெரியாது. அப்படியே ஒட்டிக்கொண்டு போனால் 32 தடவையில் 0.32 நொடி பிந்தி, இரண்டு அடிகளுக்கு நடுவே போய் நிற்கும். பழி கிட்டார் வாசித்தவர் தலையில் விழும்.

அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டாவிட்டால் ஒவ்வொரு ஒட்டிலும் ‘டிக்’ கேட்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பகுதியைத் தெரிவுசெய்து ‘இசட்’ விசையைத் தட்டினால் முனைகள் அருகிலுள்ள அந்தப் புள்ளிக்கு நகரும். சிம்பல் தட்டின் அதிர்வு பாதியில் அறுபடுவது வேறு கோளாறு. அதே நடை இரண்டு முறை வந்திருந்தால் இரண்டாவதை எடுக்கவேண்டும். முதல்முறையின் வால் அதன் தலையில் ஏற்கெனவே படிந்திருக்கும், ஒட்டு தெரியாது.

48,000 வீதப் பதிவை 44,100 என்று திறந்தால் 96 அடி 88 ஆகும். சுருதியும் ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கும். தவில் பதிவில் பின்னால் ஒத்து (நாகஸ்வரத்துக்குச் சுருதி கூட்டும் குழல்) ஒலித்தால் பாட்டை அந்தச் சுருதியிலேயே கட்டிவிடுவது நல்லது. ஒத்தை வடிகட்டப் போனால் வலந்தலையின் (தவிலின் வலப்பக்கம்) கணீரும் சேர்ந்து போகும். மனிதர் வாசித்த நடை கொஞ்சம் ஏறி இறங்கும். அதை இழுத்து நேராக்குவதைவிடப் பாட்டின் வேகத்தை அதற்கேற்ப வளைப்பதே மேல்.

----

சரி, மடக்கு. லூப் தொடங்கி முடியும் இடமான லூப் பாயின்ட்டுக்கு ‘மடக்குமுனை’, டெயிலுக்கு ‘வால்’ என்றே போட்டுவிடுகிறேன். பிரேக் இப்போதைக்குப் பிரேக்காகவே இருக்கட்டும்.

இன்னொன்று. வரைவில் ‘கண்டெடுத்த பதிவு’ என்று வருகிறது. கேட்பாரற்றுக் கிடந்தது என்ற தொனி அதில் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு வெளியான மறு ஆண்டு தொடங்கி 60 ஆண்டுக்கு உரிமை உண்டு. ‘பிறர்பதிவு’ என்று மாற்றலாமா?

----

> பிறர்பதிவு

மாற்றுங்கள். அந்த 44,100 வரியையும் இப்படித் திருத்திவிடலாம்: ‘பிறர்பதிவிலிருந்து, நொடிக்கு 44,100 கூறுகள் கொண்ட துணுக்கை எடுத்து, மடக்குமுனைகளைக் குறிக்கவும்.’