புதுப்பிப்பு: சர்வர் இல்லாத ஆபீஸில் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ சிக்கல் தீர்ந்தது

ஆறு கம்ப்யூட்டர், ஒரே லேசர் பிரிண்டர், சர்வர் கிடையாது. காலையில் வந்தால் ‘ஆஃப்லைன்’ காட்டுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

இரவில் பிரிண்டரை அணைத்துவிடுவோம். மறுநாள் ரவுட்டர் அதற்கு வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்துவிடுகிறது; கம்ப்யூட்டர்களோ பழைய முகவரியிலேயே தேடுகின்றன. அதனால் பிரிண்டரின் மேக் முகவரியை (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) ரவுட்டரில் பதிந்து, 192.168.1.50 என்ற ஐபி அதற்கு மட்டும் என்று ஒதுக்கினேன். அப்புறம் ஒவ்வொரு விண்டோஸிலும், பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்திருந்த டபிள்யூஎஸ்டி போர்ட்டை (இணைப்பு வழி) விட்டுவிட்டு குறிப்பிட்ட ஐபிக்கே நேராக அனுப்பும் ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் சேர்த்து, அனுப்பும் முறை ‘ரா’, போர்ட் எண் 9100 என்று வைத்தேன்.

கணக்குப் பிரிவு அக்காவின் கம்ப்யூட்டர் மட்டும் அடம்பிடித்தது. பிங் (பிரிண்டர் பதில் தருகிறதா என்ற சோதனை) போகிறது, ஆனாலும் ஆஃப்லைன்! போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி (பிரிண்டரின் நிலையைக் கேட்டறியும் வசதி) டிக்கை எடுத்தேன். வரிசையில் நின்ற ஏழு பில்லும் மடமடவென்று வந்து விழுந்தன. அவர் முகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

நான்கு நாளாகத் தடங்கல் இல்லை. வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.